உன் பழைய நம்பரை இன்னும் கொஞ்ச நாள் வைத்திரு

கண்ணு,

மாரியாத்தா உனக்கு முன்னாலும் நடக்கட்டும், பின்னாலும் நடக்கட்டும். நாங்கள் நன்றாக இருக்கிறோம். உன் அப்பாவுக்கு முழங்கால் வலிதான். ஆனால் வலிக்கிறதா என்று கேட்டால் அவருக்குக் கோபம் வருகிறது. கோபப்படுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

நேற்று நீ போனில் ஒரு வார்த்தை சொன்னாய். "அம்மா, ஜெர்மனிக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி இந்த சிம்ம விட்டுடப் போறேன். உங்க குழு ஆப்புக்காரங்ககிட்டச் சொல்லி நம்பர மாத்திக்குங்க. ரெண்டு நிமிச வேல." நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. பலா மரத்தடியில் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே ஷெட்டு வாசலிலிருந்து பாப்பாத்தி, "ஏனுங்கத்தெ, நம்பரு வந்துச்சா இல்லீங்களா?" என்று கத்திக்கொண்டிருந்தாள். ரெண்டு நிமிட வேலை என்று நீ சொன்னதை அவளிடம் சொன்னால் சிரிப்பாளா, கையிலிருக்கும் மூட்டை தைக்கிற சாக்கூசியால் என்னைக் குத்துவாளா தெரியவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் பாதியில் அறுந்துவிடுகிறது. எட்டாவது வரைக்கும் படித்த கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். எழுதி முடித்ததும் குழுவில் ஒரு தரம் வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் வேலைக்கு அனுப்பிய வீடுகள் மலைமேல் நம் வளப்பூர் நாட்டில் இப்போது நிறைய. அவர்களும் கேட்கட்டும். உன்னிடம் சொல்வதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

நீ அந்த ஆப்பை ஒரு நம்பராகத்தான் பார்த்திருக்கிறாய். தினமும் காலையில் உன் போனுக்கு ஒரு எண் வரும், அம்மா கூப்பிடுவாள், சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அந்த எண்ணுக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

எங்கள் குழு மிளகும் சாமையும் வாங்கிச் சுத்தம் செய்து கோயமுத்தூர்க் கடைக்காரருக்கு அனுப்ப ஆரம்பித்தபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஒவ்வொரு மூட்டையும் யாருடைய காட்டிலிருந்து வந்தது, அந்தக் காட்டில் மருந்து அடிக்காமல் எத்தனை வருடம் ஆகிறது என்று தெரிய வேண்டும். சந்தை வியாபாரியைவிட அவர் நல்ல விலை தருகிறவர். அந்த விலையில்தான் பாப்பாத்தி மகளை நர்ஸ் படிக்க வைக்கிறாள், ராசம்மா வீட்டுக்கு ஓடு மாற்றினாள். அதனால் அந்தக் கணக்கை ஒழுங்காக வைக்க என்ன வழி என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த ஆப்புக் கம்பெனித் தம்பி வந்தான். கொண்டை ஊசி வளைவுகளில் குடலே வெளியே வந்துவிட்டது போல வாந்தி எடுத்துவிட்டு, வெளுத்த முகத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். பாவம் என்று சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் அதில் இன்னும் கொஞ்சம் மிளகைத் தட்டிப் போட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

அவன் காட்டியதென்னவோ அழகாகத்தான் இருந்தது. தராசில் மூட்டையை வைத்தால் எடை தானாக டேப்லெட்டில் ஏறுகிறது, பேரைத் தொட்டால் ஸ்டிக்கர் அடித்து வருகிறது. செல்லாயி கையைத் தட்டினாள். ஆனாலும் பெரிய காரியமாயிற்றே, எல்லாரும் போட்டு வைத்திருந்த பணமாயிற்றே என்று நம் வழக்கப்படி ஆத்தாளிடம் பூ கேட்டோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், ஆத்தா காலடியில் போட்டுப் பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. இதற்கு மேல் யார் யாரைக் கேட்க வேண்டும்? மறுநாளே தராசை இறக்கினார்கள். நான் அதற்கும் டேப்லெட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினேன். டேப்லெட்டின் கேமராக் கண்ணிலேயே சந்தனத்தை அப்பிவிட்டேன் என்று அந்தத் தம்பி பதறியது தனிக்கதை.

கடைசியில் அவன் கேட்டான், "எந்நேரமும் சிக்னல் இருக்கற நம்பரா ஒண்ணு சொல்லுங்கம்மா. அதத்தான் ஓனர் நம்பராப் போடணும்." ஷெட்டில் பஞ்சாயத்து இழுத்த வயரில் இன்டர்நெட் உண்டு, ஆனால் போன் சிக்னல் கிடையாது. ஊரில் யார் நம்பரைச் சொன்னாலும் பலா மரத்தடிக்கு ஏறினால்தான் பேசும். பெண்கள் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். எனக்கோ உன் நினைப்பு. பெங்களூரில் இருக்கிறான், அவன் போன் செத்ததே இல்லை, கம்ப்யூட்டர் தெரிந்தவன் வேறு. வாய் நிறைய உன் நம்பரைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவும் சொன்னேன். குழுவில் எல்லாருக்கும் நான் அத்தை, உனக்கு மட்டும்தான் அம்மா. அந்தப் பெருமைதான். வேறொருத்தி பிள்ளையின் நம்பராக இருந்திருந்தால் நானே யோசித்திருப்பேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அந்த ஆப்பைத் திறக்க எண் வேண்டும். திறக்காவிட்டால் தராசு கறுப்பாகக் கிடக்கும், கல்லைத் தூக்கி வைத்தாலும் எடை காட்டாது. எண் உன் போனுக்கு வரும். நான் பலா மரத்தடியில் நின்று உன்னிடம் கேட்க வேண்டும். நீ சொன்னதும் ஷெட்டுக்கு இறங்கி வருவதற்குள் அது செல்லாமல் போய்விடும். சறுக்குப் பாதை, ஐம்பது வயதுக்கு மேல் ஒருத்தி ஓடுகிற பாதையா அது? ஒரு தரம் விழுந்து முட்டியைச் சிராய்த்த பிறகு வழி கண்டுபிடித்தோம். நான் மரத்தடியில் கத்துவேன், பாறை மேல் நிற்கிற செல்லாயி அதைக் கேட்டுக் கீழே கத்துவாள், ஷெட்டில் பாப்பாத்தி அமுக்குவாள். "நாலூ!" "நாலூ!" "ஏழூ!" "ஏழூ!" காடு முழுக்க எதிரொலிக்கும். கேழ்வரகுக் காட்டில் களை எடுக்கிறவர்களெல்லாம் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர் தினமும் கேட்பார், "ஏனாத்தா, லாட்டரிச் சீட்டு விழுந்துருச்சா?" செல்லாயி விடுவாளா? "விழுந்தா உங்களுக்கு ஒரு பல்லு கட்டி விடறனுங்க மாமா, பேசாம ஆட்டப் பாருங்க" என்பாள். சிரித்துக்கொண்டேதான் செய்தோம். சிரிக்காமல் தினமும் அதைச் செய்ய முடியாது.

அத்தோடு விட்டதா? மாதத்துக்கு ஒரு தரம் அப்டேட் என்று வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் டேப்லெட் இன்னும் சோம்பேறியாகிவிடும். பேரைத் தொட்டால் நடுவில் ஒரு வட்டம் சுற்றும். அது சுற்றி முடிப்பதற்குள் பாப்பாத்தி ஒரு முறம் சாமையைப் புடைத்து முடித்துவிடுகிறாள், பொய்யில்லை. எதற்கு இப்படி என்று கேட்டால் டேப்லெட் பழசாகிவிட்டது, எங்களிடமே புதுசு வாங்குங்கள் என்றார்கள். ஸ்டிக்கர்ச் சுருளும் அவர்களுடையதுதான் போட வேண்டும். நாமக்கல்லில் வாங்கிய சுருளைப் போட்டால் மிஷின் ஏற்றுக்கொள்ளாமல் சிவப்பு விளக்கைக் காட்டுகிறது. ஒரே அளவு, ஒரே காகிதம். ஒரு தரம் அவர்களுடைய சுருள் வர வாரக் கணக்கில் ஆனது. மூட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்தோம். இதையெல்லாம் தாங்கிக்கொண்டோம் கண்ணு. வெள்ளைப் பூ வந்ததாயிற்றே என்ற ஒரே நினைப்பில் தாங்கிக்கொண்டோம்.

இந்த மார்கழிக் கடைசியில் நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மிளகுப் பறிப்பு மும்முரம். ராசம்மா அவள் புருஷன் படுக்கையில் கிடக்கிற நேரத்தில் தானே ஏணி வைத்து ஏறிப் பறித்து, உதிர்த்து, காயவைத்து, நன்றாகக் கலகலவென்று காய்ந்த மிளகை மூட்டையாகக் கட்டித் தலையில் சுமந்துகொண்டு வந்திருந்தாள். அன்றைக்கு நீ போனை எடுக்கவில்லை. மீட்டிங் என்று பிறகு சொன்னாய். நான் மரத்தடியில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஷெட்டுக்குள் ஏற்கெனவே மூட்டைகள், எடை போடாமல் புதுசை உள்ளே எடுக்க இடமில்லை. வாசலில் வரிசையாக வைத்திருந்தார்கள். மார்கழி முடிகிற நேரத்தில் யாராவது மழையை எதிர்பார்ப்பார்களா? பெரியசாமி மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி, ஒரு பாட்டம் கொட்டிவிட்டுப் போய்விட்டது. தார்ப்பாயை இழுத்துப் போர்த்துவதற்குள் வெளி ஓரத்தில் இருந்த ராசம்மா மூட்டை நனைந்துவிட்டது. நனைந்த மிளகைக் கோயமுத்தூருக்கு அனுப்ப முடியாது, பூசணம் பிடிக்கும். அவள் அழவில்லை. மூட்டையைத் திரும்பத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "ஏனுங்கத்தெ, உங்க மவன் மீட்டிங்கு முடிச்சிட்டு வார வரைக்கும் என்ற மொளகு மழையில நிக்கோணுமா? இதுக்கு அந்தச் சந்தைக்காரனே தேவலீங்க. அவன் ஏமாத்தினாலும் மூஞ்சியப் பாத்து ஏமாத்தறான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவள் குழுப் பக்கமே வரவில்லை. கோவிலில் பார்த்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உன்மேல் எனக்குக் கோபமில்லை சாமி. நீ வேலை பார்க்கிறவன், மீட்டிங் இருக்கத்தான் செய்யும். ராசம்மா மிளகுக்கும் உன் மீட்டிங்குக்கும் நடுவில் ஒரு கயிற்றைக் கட்டி வைத்தார்களே, அவர்கள்மேல்தான் கோபம்.

மறுநாளே கம்பெனிக்குப் போன் போட்டேன். பாட்டு பாடிக்கொண்டே இருந்தது, ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றது. கடைசியில் ஒரு பையன் எடுத்தான்.

"சொல்லுங்கம்மா, என்ன பிரச்சினை?"

"சாமி, எங்க குழு நம்பர மாத்தோணும். பெங்களூரு நம்பரு வேண்டாம், இங்க பாப்பாத்தி நம்பரப் போட்டுக் குடு."

"அதுக்கு ஓனர் பேசணும்மா."

"நாந்தாஞ் சாமி தலைவி. ஓனரு நாங்கதான்."

"இல்லம்மா, சிஸ்டத்துல உங்க பையன்தான் ஓனர்."

"மொளகு எங்குளுது, தராசு எங்க காசு, ஷெட்டு எங்க எடம். அவன் மொளகுக் கொடியத் தொட்டே வருசமாச்சு. அவன் எப்படி ஓனராவான்?"

"சிஸ்டம் அப்படித்தாம்மா எடுத்துக்கும். ஓனரே பேசினாலும் அந்த நம்பர மாத்த முடியாது. வேணும்னா புது அக்கவுண்ட் வாங்கிக்கலாம்."

"சரி, பழைய கணக்கெல்லாம் அதுல வருமா?"

"வராதும்மா."

"அப்ப எங்க காட்டுக் கணக்க எங்களுக்கே குடுத்துருங்க. காயிதத்துல அடிச்சுக் குடுத்தாலும் சரி."

"அந்த வசதி உங்க பிளான்ல இல்லம்மா. பெரிய பிளானுக்கு மாறினா டவுன்லோடு பண்ணிக்கலாம்."

"எங்க ஊட்டுச் சாமானத்த நாங்க எடுக்கறதுக்குப் பெரிய பிளானா?"

நல்ல பையன்தான் போலிருக்கிறது, குரல் இறங்கிவிட்டது. "உங்க புகாருக்கு டிக்கெட் போட்டிருக்கேம்மா" என்றான். இறங்கி வந்து சொன்னதும் பாப்பாத்தி, "டிக்கெட்டு எடுத்தா செம்மேட்டு பஸ்ஸாவது லேட்டா வரும். இது அதுக்கும் கேடு" என்றாள். செல்லாயிதான் இன்னொன்று சொன்னாள். "சந்தையில மாட்ட வித்தா விக்கறவன் அவன் கயித்த அவுத்துக்கிட்டுத்தானே குடுப்பான்? வாங்கறவன் அவனோட கயித்தப் போட்டுப் புடிச்சிட்டுப் போவான். இவனுங்க மாட்டையும் வித்துப்போட்டு, கயித்தையும் விடாமப் புடிச்சிருக்கானுங்க, பாத்துக்கங்க."

அந்த வாரம்தான் நீ பொங்கலுக்கு வந்திருந்தாய். வந்தவனிடம் குறை சொல்லக்கூடாது என்று இரண்டு நாள் அடக்கி வைத்திருந்தேன். சாப்பாடு போடும்போது, எங்கள் கணக்கைத் தரப் பெரிய பிளான் கேட்கிறார்கள் என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னேன். நீ சிரித்தாய். "அம்மா, அது தெரியாமப் பண்றதில்ல, வேணும்னே அப்படித்தான் வச்சிருப்பாங்க. எங்க கம்பெனியிலயும் இதேதான். உள்ள வாரதுக்குக் கதவு பெருசா இருக்கும், வெளிய போறதுக்குத் தேடணும். அந்த வேலைய நல்லாச் செஞ்சதுக்குத்தாம்மா எனக்கு ஜெர்மனியே கெடச்சிருக்கு" என்றாய். உன் அப்பா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியை அப்படியே வைத்துவிட்டார். உனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். ஊருக்குப் போகிற பிள்ளை சாப்பிடுகிற நேரத்தில் எதற்கு என்று விட்டேன். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் இறங்கவே இல்லை கண்ணு, இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

நீ அங்கே செய்கிற வேலைக்கு இந்தப் பக்கத்தில் யாரோ ஒருத்தி நிற்கிறாள். அவளை நீ பார்த்ததில்லை. அவள் மலையில் இருக்கலாம், கடலோரத்தில் மீன் எடை போடுகிறவளாக இருக்கலாம், ஜெர்மனியில் ரொட்டிக் கடை வைத்திருக்கிற பொம்பளையாகவும் இருக்கலாம், எனக்கென்ன தெரியும்? அவளும் எங்கேயோ நின்று கத்திக்கொண்டிருப்பாள். உன் கம்பெனியில் போனை எடுக்கிற பையன் குரலை இறக்கி, சிஸ்டம் அப்படித்தாம்மா என்று சொல்லிக்கொண்டிருப்பான். சிஸ்டம் தானாக அப்படி ஆகவில்லையே, நீ உட்கார்ந்து அப்படிச் செய்தாய் அல்லவா? பொருள் நன்றாக இருந்தால் ஆட்கள் தானாக இருப்பார்கள். நான் சுத்தமாக மிளகு கொடுக்கிறேன், கோயமுத்தூர்க்காரர் வேறே கடைக்குப் போனாரா? அவரை நான் கட்டிப் போட்டா வைத்திருக்கிறேன்? போகிறவர்களுக்கு ஒரு கதவு வைத்தால் உன் கம்பெனி விழுந்துவிடாது. விழுந்துவிடும் என்றால் அது விழட்டும். உனக்கு வேலை போனாலும் சாமையும் மிளகும் நம்மிடம் இருக்கிறது. இதை அம்மா கோபத்தில் சொல்கிறாள் என்று தள்ளிவிடாதே. கோபத்தில்தான் சொல்கிறேன், ஆனால் யோசித்துச் சொல்கிறேன்.

பொங்கல் முடிந்து நீ போனதும் குழுவைக் கூட்டினேன். இந்த ஆப்பை விட்டுவிடலாம் என்றேன். ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. காரணத்தைச் சொன்னால் நீ சிரிப்பாய். பணத்தைப் பற்றிய பயம் இல்லை, கம்பெனியைப் பற்றிய பயமும் இல்லை. "ஆத்தா வெள்ளப் பூ குடுத்து வாங்கினதுங்க அத்தெ. அத நாம எப்படிங்க வேண்டாம்னு சொல்றது? நாளைக்கு எதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா?" என்றாள் பாப்பாத்தி. எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நானே ஒரு நிமிடம் ஆடிப்போனேன். கம்பெனிக்காரன் ஒரு கயிறு போட்டான், அதற்கு மேல் நாங்களே ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டோம். சரி, ஆத்தாளிடமே திரும்பக் கேட்போம் என்று வெள்ளிக்கிழமை எல்லாரும் கோவிலுக்குப் போனோம்.

பூசாரி பூவெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, "என்ன கேக்கோணும்?" என்றார். ஆப்பை விடலாமா என்று கேளுங்கள் என்றாள் ஒருத்தி. விட்டால் கணக்குப் போய்விடுமா என்று கேளுங்கள் என்றாள் இன்னொருத்தி. கணக்குப் போனால் கோயமுத்தூர்க்காரர் வாங்குவாரா என்று கேளுங்கள் என்றாள் செல்லாயி. அவர் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். "அன்னைக்கு என்ன கேட்டீங்க?" என்றார்.

"வாங்கலாமான்னு கேட்டோமுங்க."

"ஆத்தா என்ன சொன்னா?"

"வாங்கச் சொன்னா."

"வாங்கினீங்களா?"

"வாங்கினோம்."

"அப்பறம் என்ன? அவ சொன்னத நீங்க செஞ்சிட்டீங்க. மாட்டிக்கிட்டுக் கெடங்கடின்னு அவ சொன்னாளா? கோயமுத்தூர்க்காரரு வாங்குவாரான்னா அவரக் கேளுங்க. அவருகிட்டப் போன் இருக்குது. எதுக்கெல்லாம் அவள எழுப்புவீங்க?" என்று சொல்லிவிட்டு, அவிழ்க்காத பொட்டலங்களைத் தட்டிலேயே வைத்துவிட்டுத் திருநீறு கொடுத்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. உள்ளே போகலாமா என்று ஆத்தாளைக் கேட்டோம், வெளியே வர வழி இருக்கிறதா என்று அந்த வாந்தி எடுத்த தம்பியைக் கேட்கவே இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டியவனிடம் கேட்காமல் சாமி தலையில் பாரத்தைப் போட்டால் சாமி என்ன செய்யும்? நான் அன்றைக்கும் விளக்குப் போட்டேன், இன்றைக்கும் போடுகிறேன். பக்தியில் குறைவில்லை. ஆனால் இனிமேல் யாராவது ஒரு மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தால் முதலில் அவன் வாயால் பதில் வர வேண்டும், அதற்குப் பிறகுதான் பூ.

கோவிலிலிருந்து நேராகப் பலா மரத்தடிக்குப் போய்ப் பாப்பாத்தி கோயமுத்தூருக்குப் போன் போட்டாள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கு எதுக்கும்மா ஆப்பு? எந்தக் காடு, எத்தன வருசமா மருந்தில்லன்னு தெரிஞ்சாப் போதும். கையால எழுதி, அந்தந்தக் காட்டுக்காரங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நானே ஒருக்கா வந்து பாத்துக்கறேன். ஆனா பழைய வருசக் கணக்கு மட்டும் விடாம வேணும்." இத்தனை வருடமாக அவரை ஒருத்தரும் கேட்கவில்லை! அவருக்காகத்தான் எல்லாம் என்று நாங்களாக நினைத்துக்கொண்டு காடு அதிர எண்களைக் கத்திக்கொண்டிருந்தோம்.

இப்போது எங்கள் வேலை, அந்தப் பழைய கணக்கை ஆப்பிலிருந்து வெளியே எடுப்பது. கண்ணால் பார்த்துக் கையால் எழுதுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு காட்டைத் திறந்தால் வட்டம் சுற்றுகிறது, அடுத்த காட்டுக்குப் போக வேண்டுமென்றால் திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் பூட்டிக்கொண்டு திரும்பவும் உன் போனுக்கு எண் அனுப்புகிறது. பாப்பாத்தி வாசிக்க, செல்லாயி எழுத, நான் மரத்தடிக்கும் ஷெட்டுக்குமாக அலைகிறேன். நேற்று முன்தினம் ராசம்மா வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்து செல்லாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய காடு வந்தபோது டேப்லெட்டில் 'ஃபீல்டு ஒன்று' என்று இருந்தது. எல்லாருடைய காட்டுக்கும் அது அப்படித்தான் பேர் வைத்திருக்கிறது. "ஓடையோரக் காடுன்னு எழுதுடி" என்றாள் ராசம்மா. செல்லாயி, "இதுல அப்படி இல்லியேக்கா" என்றாள். "அதுல இல்லீன்னா என்ன, காடு எங்கயாச்சும் போயிருச்சா? எழுது. அந்த வருசம் நான் சாம்பலும் சாணியும்தான் போட்டேன், அதையும் எழுது" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "தண்ணி குடிச்சீங்களா அத்தெ? மூச்சு வாங்குது பாருங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். எனக்கு அது போதும்.

அதனால்தான் கேட்கிறேன் சாமி, அந்த சிம்மை இப்போதே விட்டுவிடாதே. நீ விட்டுவிட்டால் அன்றைக்கே தராசும் கறுப்பு, இத்தனை பெண்களின் காட்டுக் கணக்கும் கறுப்பு, கோயமுத்தூர் விலையும் போய்விடும். கையோடு ஜெர்மனிக்கு எடுத்துக்கொண்டு போ. அங்கே எண் வருமா என்று யாரையாவது கேட்டுப் பார். வராது என்றால் யாராவது நண்பனிடம் கொடுத்துவிட்டுப் போ, அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன். மாசி முடிந்து பங்குனி பிறந்தால் போதும், எழுதி முடித்துவிடுவோம். அதுவரை காலையில் ஒரு தரம் எடு. மீட்டிங்கில் இருந்தால் வெளியே வந்து எடு. உன் மீட்டிங்கில் பத்துப் பேர் இருப்பார்கள், இங்கேயும் பத்துப் பேர் நிற்கிறார்கள்.

எழுதிக்கொண்டே வரும்போது ஒன்று தோன்றுகிறது. இத்தனை வருடமாக நீயும் நானும் தினமும் பேசினோம். ஊரில் எந்த அம்மாவும் பிள்ளையோடு இப்படித் தினமும் பேசியதில்லை. ஆனால் என்ன பேசினோம்? எண்ணைச் சொல்லுவாய், நான் திரும்பக் கத்துவேன், அது செத்துவிடுமே என்ற அவசரத்தில் வைத்துவிடுவேன். சாப்பிட்டாயா என்று கேட்க எனக்கு நேரம் இருந்ததில்லை. உனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்த நாட்களில்கூட உன் குரல் கம்மியிருந்ததைக் கவனித்தேன், ஆனால் பாப்பாத்தி கீழே காத்துக்கொண்டிருந்தாள், கேட்கவில்லை. அதையும் அந்த ஆப்பு என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதற்கு எந்தப் பிளானிலும் டவுன்லோடு கிடையாது.

பங்குனியில் நாங்கள் கணக்கை எழுதி முடித்ததும் சொல்லி அனுப்புகிறேன், அந்த நம்பரை விட்டுவிடு. அங்கே போய் ஒரு புது நம்பர் வாங்குவாய் அல்லவா, அதை எனக்கு அனுப்பு. அதை நான் எந்தக் கம்பெனிக்காரனுக்கும் கொடுக்க மாட்டேன், எந்த மிஷினிலும் போட மாட்டேன், குழுவில் யார் கேட்டாலும் தர மாட்டேன். அது எனக்கு மட்டும். நீ கூப்பிட்டால் நான் பலா மரத்தடியில் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்துதான் பேசுவேன். கீழே யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

உன் அம்மா